கிளி மூக்கும் பனங்கிழங்கும்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

போன இதழ்ல கடைசி வரியில "உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பறவையோட மூக்கைப் பத்தி எப்படிச் சொல்லித் தர்றீங்க"ன்னு ஒரு கேள்வி போட்டிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், இந்தத் தடவை மூக்கு மட்டும்தான்.

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. எந்தப் பறவையை வரைஞ்சாலும் ஒரு வட்டம் போட்டு அதுல ஒரு மஞ்சள் முக்கோணம் ஒட்டிடுறா. காக்காவுக்கும் அதேதான், கிளிக்கும் அதேதான். வீட்டுல ஏழெட்டு படப் புத்தகம் இருக்கு, தினம் ராத்திரி படிக்கிறோம். நான் எங்க கோட்டை விடுறேன்? (மதுரையிலிருந்து ஒரு அம்மா)

பதில்: நீங்க எங்கயும் கோட்டை விடலைங்க, பாப்பா பார்த்ததைத்தான் வரையுறா. அந்த ஏழெட்டு புத்தகத்தையும் தரையில விரிச்சு வெச்சு மூக்கை மட்டும் பார்த்துட்டே வாங்க. நான் ஒரு சாயங்காலம் எங்க ஸ்கூல் அலமாரியில இருந்ததை எல்லாம் எடுத்து அப்படிப் பார்த்தேன், காக்காவுக்கு ஆரஞ்சு மூக்கு, குருவிக்கு ஆரஞ்சு மூக்கு, ஒரு புத்தகத்துல கிளிக்கே நேரா நீட்டின முக்கோணம். நம்ம காக்கா மூக்கு கன்னங்கரேல்னு கனமா இருக்கும், நுனி லேசா கீழ வளைஞ்சிருக்கும். மஞ்சள் மூக்கு மைனாவுக்கு. ஆண் குயில் காக்கா மாதிரியே கருப்புதான், ஆனா மூக்கு வெளிறின பச்சை, கண்ணு ரத்தச் சிவப்பு, அந்த ரெண்டை வெச்சே பிரிச்சிடலாம். மாட்டுக்குப் பின்னாடியே நடக்குற உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் மூக்கு, குளத்தோரம் நிக்கிற சின்னக் கொக்குக்குக் கருப்பு மூக்கு, நம்ம ரெண்டையும் கொக்குன்னே கூப்பிட்டுட்டுப் போயிடுறோம். வரியில்லாம புலியை யாரும் வரையுறதில்ல, பறவைக்கு மட்டும் எதையாவது ஒட்டினா போதும்னு விட்டுடுறாங்க, இதுல எனக்கு உண்மையிலேயே கோவம் உண்டு.

அடுத்த தடவை புத்தகம் வாங்கும்போது கடையிலேயே ஒண்ணு செய்யுங்க. பறவையோட உடம்பைக் கையால மறைச்சுட்டு மூக்கை மட்டும் பாருங்க, இது எந்தப் பறவைன்னு ஓரளவுக்காவது சொல்ல முடியுதான்னு. முடிஞ்சா வாங்குங்க. அப்புறம் அந்த மூக்கு ஏதாவது ஒரு வேலை செய்யுற மாதிரி வரைஞ்சிருக்காங்களான்னும் பாருங்க, கொத்துறது, கோதுறது, கூட்டுக்கு நார் இழுக்குறது, எதுவா இருந்தாலும் சரி. சும்மா கிளையில போஸ் குடுக்குற பறவையைவிட அது எவ்வளவோ மேல்.

வாங்கி வெச்சதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு வாரம் மொட்டை மாடியில காக்காவுக்குச் சோறு வைக்கும்போது பாப்பாவையும் பக்கத்துல நிறுத்திக்கோங்க, எதுவும் சொல்லித் தராதீங்க, மூக்கு என்ன கலர்னு மட்டும் கேளுங்க. எட்டாம் நாள் ராத்திரி பழைய புத்தகத்தைத் திறங்க. நான் இப்படிச் செஞ்ச ஒரு பையன் கருப்பு க்ரேயான் எடுத்து புத்தகத்துல இருந்த காக்கா மூக்கை அழுத்தி அழுத்தித் தீட்டினான், பக்கம் கிழியுற அளவுக்கு. அவங்க அம்மா அடிக்கவே கை ஓங்கிட்டாங்க, நான்தான் தடுத்தேன். அதுக்கப்புறம் எந்தப் புத்தகம் குடுத்தாலும் முதல்ல மூக்கைத்தான் பார்ப்பான்.

கேள்வி: டீச்சர், நானும் உங்கள மாதிரி ஆசிரியைதான், மூணாம் வகுப்பு. பறவைப் பாட்டு சொல்லிக் குடுத்தா ராகமா பாடுறாங்க, கை தட்டுறாங்க, ஆனா "எந்தப் பறவைக்கு எப்படி அலகு"ன்னு கேட்டா முழிக்கிறாங்க. பாட்டுல அறிவியல் ஏறுமா ஏறாதா? (திண்டுக்கல் பக்கம்)

பதில்: ஏறும் டீச்சர், நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனா எந்தப் பாட்டுன்றது இருக்குல்ல. குருவி பறக்குது, அழகா இருக்குது, வா வா விளையாடலாம்னு போற பாட்டுல பிள்ளைங்க கண்ணு போய் நிக்க ஒரு இடமும் இல்ல. உவமை இருக்குற பாட்டா எடுங்க. ஒரு நல்ல உவமை பிள்ளையைப் பிடிச்சு நிறுத்தி "பார்த்தியா, இது அது மாதிரி இல்ல?"ன்னு கேக்கும், பிள்ளையும் பார்த்தே ஆகணும்.

சத்திமுத்தப் புலவர் பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், "நாராய் நாராய் செங்கால் நாராய், பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்". வறுமையில மதுரையில குளிர்ல நடுங்கிட்டு இருந்த மனுஷன் வடக்கே போற நாரையைக் கூப்பிட்டு பொண்டாட்டிக்குச் சேதி சொல்லி அனுப்புறார். முழுப் பாட்டும் மூணாம் கிளாஸுக்கு வேண்டாம், இந்த ரெண்டு வரி போதும். நான் தை மாசம் பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த வாரத்துல பிள்ளைங்களை வீட்டுல இருந்து அவிச்ச பனங்கிழங்கு கொண்டு வரச் சொன்னேன். தோலை உரிச்சு, நகத்தால கீறி நீளவாக்குல ரெண்டா பிளந்து, நடுவுல இருக்குற குருத்தை எடுத்துட்டு, தடிச்ச பக்கத்தைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நுனியைத் திறந்து திறந்து மூடினா அச்சு அசல் நாரை மூக்கு. வகுப்பு முழுக்க டக்கு டக்குன்னு ஒரே சத்தம். அப்பதான் நான் அந்த விஷயத்தைச் சொன்னேன், செங்கால் நாரைக்குக் குரலே கிட்டத்தட்ட கிடையாது, மேல் மூக்கையும் கீழ் மூக்கையும் டகடகன்னு தட்டித்தான் ஜோடியோட பேசிக்கும்னு. அப்புறம் சத்தத்தை அடக்கவே முடியல, அடக்கணும்னு எனக்கும் தோணல.

ஒரு பையன் எழுந்து "டீச்சர், கிழங்கு சிவப்பா இல்லையே"ன்னான். இதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். பாட்டை மறுபடி படிக்கச் சொன்னேன், பவளம்னு வருது பாரு, வடிவத்துக்குக் கிழங்கு, கலருக்குப் பவளம், கூர்னு தனியா ஒரு சொல்லு, மூணையும் பிரிச்சுப் பிரிச்சு வெச்சிருக்கார். உடனே பின் பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு, "வேடந்தாங்கல்ல நான் பார்த்த நாரைக்கு மஞ்சள் மூக்குதானே"ன்னு. கரெக்ட், அது மஞ்சள் மூக்கு நாரை, இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற வேற ஜாதி. பாட்டுல வர்ற செங்கால் நாரை குளிர்காலத்துக்கு வந்துட்டு வடக்கே திரும்பிப் போற விருந்தாளி, அதான் புலவர் அதுகிட்ட வடக்கே சேதி குடுத்து விடுறார். ரெண்டு வரியில வலசையும் வந்துடுச்சு பாருங்க.

இன்னொரு பாட்டு குறுந்தொகை 67, அள்ளூர் நன்முல்லையார் பாடினது. கிளி தன்னோட வளைஞ்ச வாயில பழுத்த வேப்பம்பழத்தைக் கவ்விட்டு இருக்கு, அது எப்படி இருக்குன்னா, புது நூல்ல காசு கோக்குறவர் கூரான நக நுனியில ஒரு பொற்காசைப் பிடிச்ச மாதிரி இருக்காம். தலைவி பிரிவெல்லாம் விட்டுடுங்க, ஆளுக்கு ஒரு வேப்பம்பழம் குடுத்து ரெண்டு நகத்தால பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, நசுங்கக் கூடாது, விழவும் கூடாது. அப்போ தெரியும் கிளி எவ்வளவு பக்குவமாப் பிடிச்சிருக்குன்னு. கிளிக்கு மேல் மூக்கும் தனியா நல்லா அசையும், நம்ம மேல்தாடை அப்படி அசையாது. இதுல எனக்குப் புல்லரிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு டீச்சர். அலகுக்குள்ள எலும்பு, அதுக்கு மேல இருக்குற உறை கெரட்டின், நம்ம நகம் எதால ஆனதோ அதேதான். நகம் மாதிரியே தேயத் தேய வளர்ந்துட்டே இருக்கும். அந்தப் புலவரம்மா கெரட்டினைக் கண்டாங்களா என்ன, கிளி மூக்கைக் கண்ணால பார்த்து நகம்னு சொன்னாங்க, அது அப்படியே உண்மையா நிக்குது.

இதுக்கப்புறம் பிள்ளைங்களையே உவமை சொல்ல விடுங்க, வீட்டுல இருக்குற பொருளைத்தான் சொல்லணும்னு ஒரே ஒரு கண்டிஷன். மரங்கொத்தி மூக்கு எங்க அப்பா உளின்னா ஒரு தச்சர் வீட்டுப் பொண்ணு. கொண்டலாத்தி மூக்கு கோணி ஊசின்னான் அரிசி மண்டிக்காரர் பையன். கிளிக்குப் பாக்குவெட்டி, வாத்துக்குச் சல்லடை, இப்படி வந்துட்டே இருந்துச்சு. சரி தப்புன்னு நான் ஒண்ணும் சொல்லல, "கோணி ஊசி என்ன வேலை செய்யும், கொண்டலாத்தி என்ன வேலை செய்யும்"னு மட்டும் கேட்டேன். குத்தும், உள்ள போகும், வெளிய இழுக்கும்னான். கொண்டலாத்தி ஈர மண்ணுல மூக்கைக் குத்தி உள்ளேயே நுனியைத் திறந்து புழுவைக் கவ்வி இழுக்கும், ஊசி அப்படித் திறக்காது. எங்க ஒத்துப் போகுது, எங்க ஒத்துப் போகலன்னு அவங்களே பேச ஆரம்பிச்சுட்டா உங்க அறிவியல் பாடம் முக்கால்வாசி முடிஞ்சுது.

பாட்டு வரலன்னா விடுகதை போடுங்க. எங்க வகுப்புல போட்டது இது:

மூடிக்கிட்டாலும் மூடாத வாயி,
நடுவுல பாரு சந்து,
ஓட்டுக்குள்ள ஒளிஞ்சாலும் நத்தை
உள்ளதெல்லாம் என் விருந்து.

நத்தைகுத்தி நாரைதான். வாயை மூடினாலும் மேல் மூக்குக்கும் கீழ் மூக்குக்கும் நடுவுல வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். நத்தையை அது உடைச்சு நொறுக்குறது இல்ல, மூக்கு நுனியை ஓட்டு வாய்க்குள்ள விட்டுச் சதையை அறுத்து உருவிடும். இன்னொண்ணு தையல்சிட்டுக்கு:

ஊசி நான் கடையில வாங்கல,
நூலு சிலந்தி வீட்டுக் கடன்,
இலையை மடிச்சுத் தைச்சு வெச்சேன்,
என் பிள்ளை தூங்கத் தொட்டில்.

கேள்வி: அலகுன்னு சொல்லித் தரணுமா, மூக்குன்னு சொல்லித் தரணுமா? புத்தகத்துல அலகு, வீட்டுல மூக்கு, பிள்ளை குழம்புது.

பதில்: குழம்பட்டும், நல்லதுதான். எங்க வகுப்புல ஒருத்தன் "அலகு என்றால் என்ன?"ன்ற கேள்விக்கு கிலோகிராம்னு எழுதினான், கணக்குப் புத்தகத்துல அலகுன்னா அதுதானே, நான் மார்க் போட்டேன். கோயில்ல அலகு குத்துறதும் இருக்கு. பழைய பாட்டுல கூர்வாய், வளைவாய்னு வாய்தான் வருது. பேச்சுல மரங்கொத்தி மூக்கு. பறவைக்கு மூக்கு ஓட்டை அலகு மேலேயே இருக்குறதால மூக்குன்னாலும் சரி, சாப்பிடுறது அதாலதான்றதால வாய்னாலும் சரி. பெரும்பாலும் அந்த ஓட்டை அலகோட அடியில, முகத்தை ஒட்டி இருக்கும், நியூசிலாந்துல கிவின்னு ஒரு பறவைக்கு மட்டும் நுனியில இருக்கும், மண்ணுக்குள்ள விட்டு மோந்து மோந்து புழு தேடும். பரீட்சையில அலகுன்னு எழுதச் சொல்லுங்க, மத்தபடி வாயில வர்றது வரட்டும்.

கேள்வி: அம்மா, எனக்கு 70 வயசு. பேரனுக்கு "காக்கா காக்கா கண்ணுக்கு மை கொண்டா, கொக்கே கொக்கே குழந்தைக்குத் தேன் கொண்டா"ன்னு பாடிக் காட்டினேன். என் மருமகள் "கொக்கு எப்படி மாமா தேன் கொண்டாரும், பிள்ளைக்குத் தப்பா சொல்லித் தராதீங்க"ன்னு சொல்லிட்டாள். பாட்டை நிறுத்திடவா? (கும்பகோணம்)

பதில்: ஐயா, தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க. உங்க மருமகள் கேட்டதும் அருமையான கேள்வி, அதை அவங்க பிள்ளைகிட்டயே கேக்கட்டும்னு சொல்லுங்க. நீங்க பாடுங்க, பாடி முடிச்சதும் "ஏண்டா, கொக்கு மூக்கால தேன் எடுக்க முடியுமா"ன்னு பேரனைக் கேளுங்க. கொக்கு மூக்கு நேரா, நீளமா, இடுக்கி மாதிரி, மீனையும் தவளையையும் டபக்குன்னு பிடிக்கத்தான் லாயக்கு. அப்போ தேன் யாரு கொண்டாருவான்னு அவன் கேப்பான். தேன்சிட்டைக் காட்டுங்க, செம்பருத்தியோ இட்லிப் பூவோ இருந்தா கண்டிப்பா வரும். எங்க வீட்டுச் செம்பருத்தியில வர்றது சில நாள் பூவோட வாய்ப்பக்கம் போகவே போகாது, தலைகீழாத் தொங்கிட்டு காம்புப் பக்கமா அடியில வளைஞ்ச மூக்கால ஒரு ஓட்டை போட்டு உறிஞ்சிட்டுப் போயிடும், பூவைப் பறிச்சுப் பார்த்தா அந்த ஓட்டை தெரியும். பேரன்கிட்ட ஒரு பூவைப் பறிச்சுக் குடுத்து ஓட்டை இருக்கான்னு தேடச் சொல்லுங்க. அப்புறம் அவனே பாட்டை மாத்திப் பாடுவான், தேன்சிட்டே தேன்சிட்டே குழந்தைக்குத் தேன் கொண்டான்னு. கொக்குகிட்ட என்ன கேக்கலாம்னும் அவன்தான் முடிவு பண்ணணும். ரெண்டு பாட்டும் வீட்டுல இருக்கட்டும், பழசை அழிக்க வேண்டாம்.

கேள்வி: எங்க பையன் அஞ்சாம் வகுப்பு. "தேன் குடிக்கணும்னு ஆசைப்பட்டு மூக்கு நீண்டுச்சு"ன்னு ஒரு கதை எழுதியிருக்கான், ஸ்கூல்ல பாராட்டினாங்க. எனக்கு மனசுக்கு ஒப்பல. எப்படித் திருத்துறது?

பதில்: கதையாப் பாராட்டினதுல தப்பில்லைங்க, கதை நல்லாவே இருக்கு. ஆனா உங்க மனசு ஒப்பாததும் நியாயம். ஆசைப்பட்டு எந்தப் பறவைக்கும் மூக்கு நீளாது, பத்து வயசுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம், புரியும். இதுக்கும் ஒரு கதை இருக்கு, நடந்த கதை.

பசிபிக் கடல்ல கலாபகஸ் தீவுக் கூட்டம், அதுல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் 1973ல இருந்து வருஷா வருஷம் அங்க போய் குருவி மாதிரி இருக்குற ஃபிஞ்ச் பறவைகளைப் பிடிச்சு, மூக்கை அளந்து, கால்ல வளையம் மாட்டி விட்டாங்க. 1977ல மழையே இல்ல. சின்னச் சின்ன மெத்து விதையெல்லாம் தீர்ந்துபோச்சு, மிச்சம் இருந்தது முள்ளு முள்ளா இருக்குற கெட்டி விதைதான். அந்தச் செடி யாரு தெரியுமா, நம்ம காட்டுல கால்ல குத்துற நெருஞ்சியோட நெருங்கின சொந்தம். அதை உடைக்க கனத்த மூக்கு வேணும். சின்ன மூக்கு இருந்ததுல நிறைய செத்துப்போச்சு, கனத்த மூக்கு இருந்தது பிழைச்சுது, அதுங்களோட குஞ்சுக்கும் கனத்த மூக்கு வந்துச்சு. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல, அவ்வளவுதான், அதுதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவுல நின்னுச்சு. 1983ல பேய்மழை பெஞ்சு சின்ன விதை மறுபடி குமிஞ்சப்போ சின்ன மூக்குக்குக் காலம் திரும்பிச்சு. எந்தப் பறவையும் ஆசைப்படல, யாருக்கு என்ன வாய்ச்சுதோ அதை வெச்சுப் பஞ்சத்தைத் தாண்டினதும் தாண்டாததும்தான்.

வீட்டுல இதை விளையாடிப் பார்க்கலாம். ஒரு தட்டுல கடுகு, உளுந்து, கொண்டைக்கடலை கலந்து கொட்டுங்க. ஒருத்தருக்குப் புருவம் பிடுங்குற குட்டி இடுக்கி, ஒருத்தருக்குத் துணி கிளிப், ஒருத்தருக்குப் பாத்திரம் இறக்குற இடுக்கி. ஒரு நிமிஷத்துல யாரு எத்தனை எடுத்தாங்கன்னு எண்ணுங்க. அப்புறம் கடுகையும் உளுந்தையும் எடுத்துட்டு "பஞ்சம் வந்துடுச்சு"ன்னு சொல்லி, கொண்டைக்கடலையை மட்டும் வெச்சு மறுபடி ஆடுங்க. முதல் ஆட்டத்துல ஜெயிச்சவன் முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க. அன்னைக்கு ராத்திரியே பையனை அந்தக் கதையைத் திருப்பி எழுதச் சொல்லுங்க, முடிவை அவனே கண்டுபிடிப்பான்.

கேள்வி: கூழைக்கடா வாய்ப்பையில மீனைச் சேர்த்து வெச்சு வீட்டுக்குக் கொண்டு போகும்னு ஒரு படக்கதையில பார்த்தோம். நிஜமா?

பதில்: இல்லைங்க, அந்தப் பை கூடை கிடையாது, வலை. தண்ணியோட சேர்த்து மீனை அள்ளும், தலையைக் குனிச்சுத் தண்ணியை வடிச்சுட்டு உடனே முழுங்கிடும். குஞ்சுக்குக் கொண்டு போறது வயித்துக்குள்ளதான், கூட்டுல போய்த் திரும்பக் கக்கிக் குடுக்கும். கூந்தன்குளம் போனீங்கன்னா ஊருக்குள்ள மரத்து மேலேயே கூடு கட்டியிருக்கும், குஞ்சு அம்மா வாய்க்குள்ள தலையையே விட்டுச் சாப்பிடுறதைப் பார்க்கலாம்.

கேள்வி: அக்கா, எங்க ஊர்ல புத்தகக் கடையே கிடையாது, ஆன்லைன்ல வாங்குற வசதியும் இல்ல. ரெண்டு பிள்ளைங்க. நாங்களே ஏதாவது செய்ய முடியுமா? (பரமக்குடி பக்கம்)

பதில்: தாராளமா முடியும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையே இதுதான். பழைய நோட்டுல எழுதாத பத்துத் தாளைக் கிழிச்சு நடுவுல மடிச்சுத் தைச்சுக்கோங்க. கோணி ஊசி போதும். அப்புறம் ஒவ்வொரு தாளையும் நடுவுல குறுக்கா வெட்டுங்க, தையல்கிட்ட நிறுத்திடுங்க, இப்போ மேல் பாதி தனியாவும் கீழ் பாதி தனியாவும் திரும்பும். மேல் பாதியில ஒரு பறவைத் தலை, மூக்கு நல்லாப் பெருசா. கீழ் பாதியில அது சாப்பிடுறது. மரங்கொத்திக்குப் பட்டைக்குள்ள புழு, கொக்குக்கு மீன், தேன்சிட்டுக்குப் பூ, குருவிக்குக் கம்பு, செம்பருந்துக்கு எலி. திருப்பித் திருப்பிப் பார்த்தா கொக்குக்குக் கீழ பூ வரும், தேன்சிட்டுக்குக் கீழ எலி வரும், பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிப்பாங்க, சிரிச்சுட்டே "இதால முடியாது, ஏன்னா"ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த "ஏன்னா"வை அவங்க சொல்லச் சொல்ல நீங்க ஓரத்துல எழுதிடுங்க, அதுதான் புத்தகத்துக்கு வாசகம், உங்க ஊர்ப் பேச்சுலேயே இருக்கட்டும்.

தலையை வரையுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஒரு தடவையாவது நேர்ல பார்த்துடுங்க, அவசரம் வேண்டாம், மூணு மாசம் ஆனாலும் பரவாயில்ல. பார்க்காத பறவைக்குப் பக்கத்தை வெறுமையா விட்டுடுங்க. உங்க பக்கம் கண்மாய்ல தண்ணி இருந்தா கரண்டிவாயன் வரலாம், மூக்கு நுனி அகப்பை மாதிரி தட்டையா இருக்கும், லேசாத் திறந்து வெச்சுட்டுத் தண்ணிக்குள்ள இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கிட்டே நடக்கும். அதுக்கு ஒரு தாளை மிச்சம் வெச்சுக்கோங்க. முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பார்க்கணும்.